முட்டி ஆபரேஷனுக்கு முன்னாடியே "ஸ்ட்ராங்கா" ஆன்டிபயாடிக் போட்டுக்கலாமா?

காரைக்குடி பக்கத்துல இருந்து ஒரு மருமக எழுதியிருக்காங்க. லெட்டர் ரொம்ப நீளம், சுருக்கி போடறேன்.

"டாக்டர் சார், என் அத்தைக்கு 66 வயசு, சுகர் 12 வருஷமா இருக்கு. ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, ராத்திரி பாத்ரூம் போறதுக்கே செவுத்த புடிச்சிட்டுதான் போறாங்க. மதுரைல ஒரு எலும்பு டாக்டர் பாத்துட்டு வலது முட்டிய மாத்தணும்னு சொன்னார். ஆனா டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டு எச்பிஏ1சி 9.1 இருக்கு, சுகர கொறச்சிட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க, பல்லையும் காட்டிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டார். அவர் தட்டிக்கழிக்கிறார்னு வீட்டுக்காரர் சொல்றார். நடுவுல வலி தாங்காம உள்ளூர்ல முட்டியிலயே ஒரு ஊசி போட்டுகிட்டாங்க, அது ஆச்சு ஒரு மாசம். எங்க தெருவுல ஒரு பெரியம்மாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி இதே ஆபரேஷன் பண்ணி, தையல்ல தண்ணி கசிஞ்சு, மருந்துக்கே கேக்காத கிருமின்னு சொல்லி, வச்ச செயற்கை மூட்டையே கழட்டி எடுத்து மொத்தம் நாலு ஆபரேஷன். அவங்க ரிப்போர்ட்ல வரிசையா ஆர் ஆர்னு இருந்துச்சு. அத பாத்ததுல இருந்து எனக்கு தூக்கம் இல்ல. என் கொழுந்தனார் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கார், ஆபரேஷனுக்கு பத்து நாள் முன்னாடியே ஸ்ட்ராங்கா ஆன்டிபயாடிக் போட்டு கிருமிய க்ளீன் பண்ணிட்டா பயமே இல்லன்னு சொல்றார். யூரின் கல்ச்சர் டெஸ்ட்ல வேற ஈ கோலைன்னு ஒரு கிருமி வந்திருக்கு, ஆனா அத்தைக்கு எரிச்சல், காய்ச்சல் ஒண்ணும் இல்ல. ஆபரேஷன் பண்ணலாமா வேணாமா சார்?"

பண்ணலாம்மா. ஆனா இப்ப வேணாம். கொழுந்தனார் சொல்ற அந்த பத்து நாள் மாத்திரை மட்டும் எந்த காரணத்துக்காகவும் வேணாம். அவர் நல்ல எண்ணத்துலதான் சொல்றார், அதுல சந்தேகம் இல்ல. ஆனா உங்க தெரு பெரியம்மாவுக்கு வந்த மாதிரி கிருமிய உங்க அத்தை ஒடம்புல வளத்து விடணும்னா அதுக்கு இத விட நேர் வழி கெடையாது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

நம்ம தோல்லயும் மூக்குலயும் குடல்லயும் கோடிக்கணக்குல கிருமி இருக்கு, அது நோய் இல்ல, அதுதான் நார்மல். மூணுல ஒருத்தர் மூக்குக்குள்ள ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ்னு ஒரு கிருமி சும்மா குடியிருக்கும், ஒண்ணும் பண்ணாது. முட்டி ஆபரேஷன்ல இன்ஃபெக்ஷன் ஆகுதுன்னா பாதிக்கு மேல இந்த ஸ்டாஃப் குடும்பத்து கிருமிங்கதான், அதுலயும் நெறைய நேரம் பேஷன்ட்டோட சொந்த தோல், சொந்த மூக்குல இருந்து போனதுதான். ஆஸ்பத்திரி கிருமின்னு எல்லாரும் ஆஸ்பத்திரிய திட்டறோம், சில நேரம் நியாயமாவே திட்டறோம், ஆனா நாம வீட்ல இருந்து கூட்டிட்டு போறதும் பெரிய கூட்டம்.

இப்ப பத்து நாள் ஆன்டிபயாடிக் போட்டா என்ன ஆகும்? மருந்துக்கு சாகற கிருமியெல்லாம் சாகும். சாகாதது நிக்கும். எடம் காலியா கெடக்கறதால அது பெருகி மொத்த எடத்தையும் புடிச்சிக்கும். பதினோராவது நாள் ஆபரேஷன் டேபிள்ல படுக்கும்போது உங்க அத்தை தோல்லயும் குடல்லயும் இருக்கறது அந்த பொழச்ச கூட்டம். அப்ப நாங்க வழக்கமா போடற ஊசி அதுக்கு கேக்காது. களையெடுக்கறேன்னு பயிர எடுத்துட்டு களைய விட்டுட்டு வர்ற கதைதான் இது.

இது புதுசும் இல்ல. பென்சிலினுக்கு அடங்காத ஸ்டாஃப அடக்கறதுக்காக மெத்திசிலின்னு ஒரு மருந்த 1960 வாக்குல இங்கிலாந்துல எறக்கினாங்க, 1961-லயே அதுக்கும் அடங்காத ஸ்டாஃப் வந்துடுச்சு. எம்.ஆர்.எஸ்.ஏன்னு சொல்றாங்களே, அதுதான். இன்னிக்கு ஐ.சி.எம்.ஆர்னு சொல்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் தொகுக்கற கணக்குல பெரிய ஆஸ்பத்திரிங்கள்ல கெடைக்கற ஸ்டாஃப் ஆரியஸ்ல 100-க்கு 40-க்கு மேல எம்.ஆர்.எஸ்.ஏ. ஆனா நான் எம்.ஆர்.எஸ்.ஏவ கண்டு அவ்வளவு பயப்பட மாட்டேன், அதுக்கு வான்கோமைசின், டெய்க்கோப்ளானின், லினிசோலிட்னு கையில மருந்து இருக்கு. எனக்கு வயித்த கலக்கறது கிளெப்சியெல்லா, அசினிடோபாக்டர் மாதிரி, கிராம் நெகட்டிவ்னு சொல்ற வேற வகை கிருமி கூட்டம். 2010-ல லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் பத்திரிகைல என்.டி.எம்-1 பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, ஞாபகம் இருக்கலாம், நியூ டெல்லி பேர வச்சுட்டாங்கன்னு நாடே கொதிச்சுது, அதுல இருந்த மாதிரிகள்ல நம்ம சென்னையில எடுத்ததும் உண்டு. கடைசி ஆயுதம்னு வச்சிருந்த கார்பபெனெம் மருந்துங்களையே உடைச்சு போடற என்சைம் அது. பேருக்கு சண்டை போட்ட வேகத்துல பாதியாவது, மருந்து விக்கறத கட்டுப்படுத்தறதுல காட்டியிருக்கலாம்னு எனக்கு இன்னிக்கும் ஆதங்கம். 2012-ல சென்னையிலயே டாக்டர்ங்க சங்கங்கள் எல்லாம் கூடி, ஆன்டிபயாடிக்க இஷ்டத்துக்கு குடுக்கறத கட்டுப்படுத்தணும்னு சென்னை பிரகடனம்னு ஒண்ணு போட்டாங்க, 2014 மார்ச்ல இருந்து ஷெட்யூல் எச்1னு சட்டமும் வந்துச்சு. அந்த லிஸ்ட்ல இருக்கற மருந்துக்கு சீட்டு வேணும், யார் எழுதினது யாருக்கு குடுத்ததுன்னு கடையில தனி நோட்டு போட்டு எழுதணும். கொழுந்தனாருக்கு இது என்னைய விட நல்லா தெரியும், கேட்டு பாருங்க, சிரிப்பார்.

சரி, பெரியம்மா ரிப்போர்ட்ட பாத்து தூக்கம் போச்சுன்னு சொன்னீங்களே, அதுக்கு வரேன். ஆர்னா அந்த மருந்துக்கு கிருமி அடங்கல, எஸ்னா அடங்குது. எல்லாரும் ஆர் வரிசைய பாத்துதான் பயப்படறாங்க. ஆனா எலும்பு டாக்டர்கிட்ட கேட்டா, எல்லா மருந்துக்கும் எஸ்னு வந்த கிருமி கூட செயற்கை மூட்டு மேல ஒக்காந்துட்டா அவ்வளவு சுலபமா போகாதுன்னு சொல்வாங்க. காரணம், லேப்ல டெஸ்ட் பண்றது தனித்தனியா மெதந்துட்டு இருக்கற கிருமிய. ஒடம்புக்குள்ள அது அப்படி இருக்கறதில்ல. மூட்டுல நாங்க வைக்கறது கோபால்ட் குரோமியம் உலோகம், நடுவுல பாலிஎத்திலீன்னு ஒரு பிளாஸ்டிக், ஒட்டறதுக்கு ஒரு சிமென்ட். ரத்த ஓட்டமே இல்லாத சாமான் இதெல்லாம். கிருமி அதுல போயி ஒட்டி, தன்ன சுத்தி வழவழன்னு ஒரு கூழ சொரந்து அதுக்குள்ள குடும்பம் நடத்த ஆரம்பிச்சிடும், இதுக்கு பயோஃபில்ம்னு பேரு.

வீட்டு மாடில தண்ணி டேங்க் இருக்குல்ல, உள்பக்கம் கைய வச்சு பாருங்க, வழுவழுன்னு பாசி மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கும். டேங்க் நெறைய தண்ணில ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தினா தண்ணி சுத்தமாயிடும், ஆனா அந்த வழவழப்பு போகாது. எறங்கி தேங்கா நார் வச்சு தேய்ச்சாதான் போகும். பயோஃபில்முக்குள்ள இருக்கற கிருமிய கொல்ல சாதாரண டோஸ் மாதிரி நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்து வேணும், அந்த அளவு மருந்த மனுஷ ஒடம்புல ஏத்த முடியாது, கிட்னி மொதல்ல போயிடும். அதனாலதான் பெரியம்மாவுக்கு மாத்திரைல சரியாகல, தொறந்து தேய்க்க வேண்டியதாச்சு, அப்புறம் கழட்டவே வேண்டியதாச்சு.

இன்னொண்ணு, ஒடம்புக்குள்ள வெளி சாமான் ஒண்ணு இருந்தா கொஞ்சமே கொஞ்சம் கிருமி போதும். 1957-ல இலெக், கோனென்னு ரெண்டு பேர் லண்டன்ல தன்னார்வலர்ங்களுக்கு தோலுக்கு அடியில ஸ்டாஃப் கிருமிய ஏத்தி பாத்தாங்க, இப்ப எந்த எத்திக்ஸ் கமிட்டியும் விடாது. சும்மா தோல்ல சீழ் புடிக்க பல லட்சம் கிருமி தேவைப்பட்டுச்சு, ஆனா ஒரே ஒரு பட்டு நூல் தையல் உள்ள இருந்தா சில நூறே போதுமா இருந்துச்சு. தையல் நூலுக்கே இப்படின்னா ஒரு முழு முட்டி!

இப்ப பயம் இன்னும் ஜாஸ்தியாயிருக்கும். கணக்க சொல்றேன், நல்லா பண்ற எடத்துல மொத தடவை முட்டி மாத்தறதுல இன்ஃபெக்ஷன் ஆகறது 100-க்கு ஒண்ணு, ரெண்டு பேருக்குதான். கட்டுப்பாட்ல இல்லாத சுகர், ரொம்ப உடம்பு பருமன், புகையிலை, முட்டியில போட்ட ஊசி, இதெல்லாம் சேர சேர அது ஏறும். உங்க அத்தைக்கு இப்ப இந்த லிஸ்ட்ல ரெண்டு நிச்சயமா இருக்கு. அதுல சுகர பாத்துதான் அந்த மதுரை டாக்டர் திருப்பி அனுப்பினார். தட்டிக்கழிக்கலம்மா அவர், காசு வேணும்னா அடுத்த வாரமே அட்மிட் பண்ணியிருப்பார். இந்த மாதிரி திருப்பி அனுப்பற டாக்டர விட்டுடாதீங்க.

இந்த தொழில்ல நாங்க எல்லாரும் படிக்கற ஒரு கதை உண்டு. இடுப்பு மூட்டு மாத்தற ஆபரேஷன இன்னிக்கு இருக்கற வடிவத்துக்கு கொண்டு வந்தவர் ஜான் சார்ன்லி, இங்கிலாந்துல ரைட்டிங்டன் ஆஸ்பத்திரி, 1960கள்ல. ஆரம்பத்துல அவர் பேஷன்ட்டுங்கள்ல 100-க்கு 7 பேருக்கு மேல சீழ் புடிச்சுது. மனுஷன் மருந்த கூட்டல. காத்த வடிகட்டினார், டேபிள சுத்தி கண்ணாடி கூண்டு மாதிரி கட்டினார், தியேட்டர்ல நிக்கறவங்க மூச்சு கூட வெளிய வராத மாதிரி டிரஸ் தைச்சார், கையுறைய மாத்தினார், தையல் போடற விதத்த மாத்தினார். பத்து வருஷ சொச்சத்துல அது 100-க்கு ஒண்ணுக்கும் கீழ எறங்கிடுச்சு. பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கே இல்லாம. அதுக்காக, வடிகட்டின காத்து ஒரே சீரா வீசற லேமினர் ஃப்ளோ தியேட்டர்னு போர்டு வச்சிருக்கற ஆஸ்பத்திரியத்தான் தேடி போகணும்னு இல்ல, இன்னிக்கு மத்த எல்லாமே முன்னேறிட்டதால அது தனியா பெருசா ஒண்ணும் குறைக்கறதா தெரியலன்னு உலக சுகாதார அமைப்பே 2016-ல சொல்லிடுச்சு. தியேட்டர் கதவ ஆபரேஷன் நடுவுல எத்தன தடவ தொறந்து மூடறாங்கங்கறதுதான் என் கவலை. என் தியேட்டர்ல சும்மா எட்டி பாக்கறவங்கள நான் கத்தறத கேட்டவங்களுக்கு தெரியும்.

அப்ப ஆன்டிபயாடிக்கே வேணாமான்னா, வேணும், ஆனா சரியான நேரத்துல. கத்தி வைக்கறதுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள செஃபசோலின்னு ஒரு பழைய மருந்து, வெல கம்மி, 2 கிராம் ஊசி. தொடையில ரத்தத்த நிறுத்தற பட்டைய இறுக்கறதுக்கு முன்னாடியே அது உள்ள போயிருக்கணும், இல்லன்னா முட்டிக்கு போயே சேராது. அவ்வளவுதான், ஆபரேஷன் முடிஞ்சப்புறம் தொடர வேணாம்னுதான் உலக சுகாதார அமைப்பு சொல்லுது, நெறைய பேர் 24 மணி நேரம் வரைக்கும் குடுக்கறோம், அதுக்கு மேல போக காரணம் இல்ல. நம்ம ஊர்ல அஞ்சு நாள் ஊசி, அப்புறம் பத்து நாள் மாத்திரைன்னு எழுதறது பழக்கம். நானும் எழுதியிருக்கேன், வெக்கமில்லாம ஒத்துக்கறேன், மொத ஏழெட்டு வருஷம் அப்படித்தான். எழுதலன்னா ஏதாவது ஆச்சுன்னா என்னைய கேப்பாங்களேன்னு பயம். பேஷன்ட்டுக்கு போட்ட மருந்து இல்ல அது, என் பயத்துக்கு போட்டது.

பெரிய மருந்தா போட்டா நல்லதுதானேன்னு கேப்பீங்க. ஆஸ்திரேலியாவுல 4,000-க்கு மேல பேர வச்சு அதையும் பாத்துட்டாங்க, 2023-ல ரிசல்ட் வந்துச்சு. எம்.ஆர்.எஸ்.ஏ இல்லாதவங்களுக்கு செஃபசோலினோட வான்கோமைசினையும் சேத்து குடுத்தா இன்ஃபெக்ஷன் குறையவே இல்ல, முட்டி மாத்தினவங்கள்ல கொஞ்சம் கூடவே இருந்துச்சு. எம்.ஆர்.எஸ்.ஏ இருக்கறது தெரிஞ்சவங்களுக்கு வான்கோமைசின் சேக்கறது வேற கதை, அது சரி.

யூரின் கல்ச்சர் விஷயமும் இதே மாதிரிதான். எரிச்சல் இல்ல, காய்ச்சல் இல்ல, அடிக்கடி போகலன்னா அந்த ஈ கோலை சும்மா இருக்கு, வயசான பொம்பளைங்களுக்கு, அதுலயும் சுகர் இருந்தா, இது சர்வ சாதாரணம். மூட்டு ஆபரேஷனுக்கு முன்னாடி இத மருந்து குடுத்து ஒழிக்கறதால முட்டி இன்ஃபெக்ஷன் குறையல. நோய் இல்லாதப்ப அந்த டெஸ்ட்ட எடுக்காம இருந்திருந்தாலே நல்லது, எடுத்தாச்சு, விட்டுடுங்க. எரிச்சல் வந்தா அப்ப பாத்துக்கலாம்.

இப்ப இந்த மூணு மாசத்துல என்ன பண்றதுன்னு பாப்போம், உண்மையான பாதுகாப்பு இங்கதான் இருக்கு. எச்பிஏ1சிங்கறது கடந்த மூணு மாச சுகரோட சராசரி, அதனால ஒரு வாரம் சாப்பாட கட்டுப்படுத்தி எறக்கிட முடியாது. 7.5, அதிகபட்சம் 8-க்குள்ள வந்தா நான் தைரியமா கத்திய எடுப்பேன். தேவைப்பட்டா இன்சுலின் போட சொல்வாங்க, போட்டுக்க சொல்லுங்க, இன்சுலின்னா கடைசி கட்டம்னு நெனச்சு அழுவாங்க, அப்படியெல்லாம் இல்ல. சாப்பாட்ட கட்டுப்படுத்தறேன்னு வெறும் கோதுமை கஞ்சியோட நிறுத்திடாதீங்க, முட்டை, பருப்பு, மீன், சுண்டல்னு புரதம் போகணும், புரதமும் ரத்தமும் கம்மியா இருந்தா புண்ணு ஆறாது. ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு எழுதல நீங்க, அதையும் பாருங்க.

அந்த ஊசி. உள்ளூர்ல முட்டிக்குள்ள போட்டது அனேகமா ஸ்டீராய்டாத்தான் இருக்கும், மூணு நாள்ல வலி காணாம போயி ரெண்டு மூணு வாரத்துல திரும்ப வந்துச்சுன்னா கிட்டத்தட்ட நிச்சயம். ஸ்டீராய்டு போட்டு மூணு மாசத்துக்குள்ள மூட்ட மாத்தினா இன்ஃபெக்ஷன் ரிஸ்க் ஏறுது, அதனால போட்ட தேதில இருந்து மூணு மாசம் முழுசா கழியணும். மதுரை டாக்டருக்கு இது தெரியவே தெரியாதுன்னு நெனைக்கறேன், ஏன்னா அவர பாத்தப்புறம்தானே போட்டிருக்காங்க. போய் சொல்லிடுங்க, திட்டுவார், வாங்கிக்கோங்க. இனிமே வலிக்குதுன்னு அந்த முட்டியில யாரையும் ஊசி எடுக்க விடாதீங்க.

பல்லுல சொத்தையோ சீழோ இருந்தா இப்பவே புடுங்கியோ அடைச்சோ முடிச்சுக்கணும். பல்லு மாதிரியே காலையும் பாக்கணும், இத நெறைய பேர் மறந்துடறாங்க. செருப்பில்லாம தண்ணில நின்னு பாத்திரம் வெளக்கி துணி தொவைக்கற நம்ம வீட்டு பொம்பளைங்களுக்கு விரல் இடுக்குல சேத்துப்புண்ணு, குதிங்கால்ல வெடிப்பு, இதெல்லாம் இருந்துட்டே இருக்கும், அதெல்லாம் கிருமி உள்ள வர்ற வாசல். சுகர்காரங்களுக்கு கால் மரத்து போயிருக்கறதால புண்ணு இருக்கறதே தெரியாது, நீங்கதான் ஒரு நாள் நல்ல வெளிச்சத்துல ஒவ்வொரு விரலா விரிச்சு பாக்கணும். அப்புறம் ஒரு கேள்வி, கோச்சுக்காதீங்க, அத்தை வெத்தலை போடுவாங்களா, அதுல புகையிலை வைப்பாங்களா? சிகரெட்டத்தான் கேக்கணும்னு நெனச்சு டாக்டர்ங்க கேக்க மாட்டோம், அவங்களும் சொல்ல மாட்டாங்க. நிக்கோட்டின் ரத்தக்குழாய சுருக்கும், தையல் போட்ட எடத்துக்கு ரத்தம் போகாது. கொறஞ்சது நாலு வாரம், முடிஞ்சா ஆறு வாரம் முன்னாடி நிறுத்தணும். வெறும் வெத்தலை பாக்குக்கு நான் சண்டைக்கு வரல, அத உங்க பல்லு டாக்டர் பாத்துப்பார்.

மூக்கு விஷயத்த உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி மூக்குல பஞ்சு வச்சு எடுத்து ஸ்டாஃப் இருக்கான்னு பாத்து, இருந்தா முபிரோசின்னு ஒரு களிம்ப ஒரு நாளைக்கு ரெண்டு வேளை அஞ்சு நாள் மூக்குக்குள்ள தடவி, குளோர்ஹெக்சிடின் சோப்பு தண்ணில குளிச்சிட்டு வர சொல்வோம். நெதர்லாந்துல 2010-ல இத பண்ணி பாத்தாங்க, மூக்குல ஸ்டாஃப் இருந்தவங்கள்ல ஆஸ்பத்திரில அந்த கிருமியால இன்ஃபெக்ஷன் ஆனது 100-க்கு 7.7-ல இருந்து 3.4-க்கு எறங்குச்சு. ஒரு சின்ன ட்யூப் களிம்பு! ஆனா அதையும் கடைல வாங்கி மாசக்கணக்குல தடவிட்டு இருக்காதீங்க, அதுக்கும் கிருமி பழகிக்கும். அப்புறம் முதல் நாள் ராத்திரி வீட்ல பிளேடு வச்சு முட்டிய செரைக்காதீங்க, கண்ணுக்கு தெரியாத கீறல் அத்தனையும் கிருமிக்கு குடிசை. முடிய எடுக்கணும்னா ஆஸ்பத்திரிலயே கிளிப்பர்ல எடுப்பாங்க.

இன்னிக்கு ஆபரேஷன் ஆயிடுச்சுன்னு வைங்க, அப்ப ஒங்க வேலைதான் பெருசு. சொந்தக்காரங்க பன்னெண்டு பேர் ஆப்பிளோட வந்து கட்டில்ல ஒக்காந்து கட்ட தொட்டு பாக்கறது, அத தடுக்கறதுக்கு கெட்ட பேர் எடுக்க நீங்க தயாரா இருக்கணும், மருமக மேல பழி விழுந்தா என் பேர சொல்லிடுங்க. முட்டி சூடா இருக்கறது, வீங்கியிருக்கறது ரெண்டு மூணு மாசம் வரைக்கும் சகஜம், அதுக்கு பயப்பட வேணாம். ஆனா அஞ்சு நாளுக்கு மேலயும் தையல்ல இருந்து கட்டு நனையற மாதிரி கசிஞ்சா, செவப்பு பரவிட்டே போனா, கொறைஞ்சுட்டு வந்த வலி திரும்ப ஏறினா, அன்னிக்கே ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட போகணும். காய்ச்சல் இல்லையேன்னு இருந்துடக்கூடாது, நெறைய மூட்டு இன்ஃபெக்ஷன்ல காய்ச்சலே வராது. இதுலயும் மெடிக்கல் ஷாப் பக்கம் போகவே கூடாது.

இத இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. ரிட்டயர்டு பி.டி மாஸ்டர் ஒருத்தர், வேற ஊர்ல பண்ணிகிட்ட முட்டி, பத்தாவது நாள் தையல்ல ஒரு சொட்டு கசிவு. ஆஸ்பத்திரி தூரம், தெரு முனைல கடை. அஞ்சு நாளைக்கு மாத்திரை, கசிவு நின்னுச்சு. ரெண்டு வாரத்துல திரும்ப கசிவு, வேற மாத்திரை. இப்படியே மூணு மாசம், நாலு விதமான ஆன்டிபயாடிக். என்கிட்ட வரும்போது முட்டில ஓட்டை விழுந்து சலம் வந்துட்டு இருந்துச்சு. முட்டி தண்ணிய ஊசில எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினா ஒண்ணும் வளரல, ஏன்னா மாத்திரை உள்ள இருக்கு, கிருமிய கொல்ற அளவுக்கு இல்ல, லேப்ல வளர விடாத அளவுக்கு மட்டும் இருக்கு. எல்லா மருந்தையும் ரெண்டு வாரம் நிறுத்தி வச்சு திரும்ப எடுத்தோம். வந்தது ஒரு கிளெப்சியெல்லா, கிட்டத்தட்ட எல்லாமே ஆர். அந்த மொத சொட்டு கசிஞ்ச அன்னிக்கே வந்திருந்தா தொறந்து கழுவி, பிளாஸ்டிக் துண்ட மட்டும் மாத்தி, மூட்ட காப்பாத்தியிருக்கலாம். மொத மூணு நாலு வாரத்துக்குள்ள வந்தாத்தான் அந்த வாய்ப்பு, பாசி கெட்டியாகறதுக்கு முன்னாடி. அவருக்கு மூட்ட கழட்டி, மருந்து கலந்த சிமென்ட் கட்டிய அந்த எடத்துல வச்சு, பல வாரம் ஊசி போட்டு, அப்புறம் புது மூட்டு வச்சோம். இன்னிக்கு நடக்கறார், ஆனா ஒரு நெலத்த வித்துட்டார்.

ஒங்க தெரு பெரியம்மாவுக்கும் இந்த ரெண்டு கட்ட ஆபரேஷன்தான் நடந்திருக்கும்னு தோணுது. அதுல 10-ல எட்டு பேருக்கு மேல கிருமி அடங்கிடும், அதனால அவங்க விஷயமும் முடிஞ்சு போன விஷயம் இல்ல. அவங்களுக்கு ரிஃபாம்பிசின் குடுத்திருந்தா டி.பி மாத்திரைய ஏன் குடுக்கறாங்கன்னு பயந்திருப்பாங்க, ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும், தெருவே பேசும். அது டி.பிக்காக இல்ல, ஸ்டாஃப் பயோஃபில்முக்குள்ள பூந்து வேலை செய்யற கொஞ்ச மருந்துல அது ஒண்ணு, ஆனா தனியா குடுக்கவே கூடாது, எப்பவும் இன்னொரு மருந்தோட ஜோடியாத்தான். பாதில நிறுத்தினா அந்த கதவும் சாத்திடும்னு அவங்ககிட்ட சொல்லுங்க. எல்லாமே ஊசியா இருந்தாத்தான் கேக்கும்னும் இல்ல, இங்கிலாந்துல 1,000 பேருக்கு மேல வச்சு பண்ண ஆராய்ச்சி 2019-ல வந்துச்சு, எலும்பு மூட்டு இன்ஃபெக்ஷனுக்கு சரியான மாத்திரைய சரியா தேர்ந்தெடுத்தா ஊசிக்கு சமமா வேலை செய்யுது. சரியாங்கறதுதான் அதுல முக்கியம், அது கல்ச்சர் ரிப்போர்ட் பாத்து முடிவு பண்றது.

அடுத்த தடவ மதுரை போகும்போது டாக்டர்கிட்ட மூணு விஷயம் கூச்சப்படாம கேளுங்க. உங்ககிட்ட முட்டி மாத்தினவங்கள்ல எத்தன பேருக்கு இன்ஃபெக்ஷன் ஆச்சு, ஆபரேஷன் அன்னிக்கு என்ன ஆன்டிபயாடிக் எத்தன நாள், ராத்திரி கட்டு நனைஞ்சா யாருக்கு போன் பண்றது. யாருக்கும் ஆனதே இல்லன்னு ஒருத்தர் சொன்னா அவர்கிட்ட பண்ணிக்காதீங்க, ஒண்ணு அவர் கொஞ்சமாத்தான் பண்றார், இல்ல கணக்கு வைக்கறதில்ல. எனக்கு ஆகியிருக்கு, ஒவ்வொருத்தர் பேரும் ஞாபகம் இருக்கு.

ஊசி போட்ட சீட்ட தேடி எடுத்து தேதியையும் மருந்து பேரையும் பாத்து வைங்க. அந்த தேதில இருந்து மூணு மாசம் எண்ணுங்க, அந்த வாரத்துல எச்பிஏ1சி திரும்ப எடுங்க, 8-க்குள்ள இருந்தா போன் போட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க. இல்லன்னா இன்னொரு மாசம். அதுவரைக்கும் ராத்திரி பாத்ரூம் போற வழில ஒரு பல்பும், சுவத்துல புடிச்சுக்க ஒரு கம்பியும் போட சொல்லி உங்க வீட்டுக்காரருக்கு வேலை குடுங்க. வாக்கர் வாங்க வேணாம்னு அத்தை அடம்பிடிச்சா, ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படியும் வேணும், இப்பவே பழகினா அன்னிக்கு சுலபம்னு சொல்லி பாருங்க.